குரும்பையும் ஈர்க்குச்சியும் கொண்டு மூலக்கூறின் வடிவம் காண்பது

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் தென்னந்தோப்புகளில் எதற்குள் நுழைந்தாலும் வேதியியல் பாடத்தின் பாதி அங்கேயே இருக்கும். கட்டுத்தறியில் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா. சாண எரிவாயுத் தொட்டியில் மீத்தேன், அதோடு அழுகிய முட்டை நாற்றம் வீசும் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கள்ளுப்பானை நுரையில் கார்பன் டை ஆக்சைடு. கொப்பரை வெளுக்கக் கந்தகப் புகை போடுகிற இடத்தில் தொண்டையை அடைக்கும் சல்ஃபர் டை ஆக்சைடு.

கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நடுவில் ஓர் அணு, இருபுறமும் ஓர் ஆக்சிஜன். எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு நூல் பிடித்தது போல நேர்கோடு, 180°. சல்ஃபர் டை ஆக்சைடோ நடுவில் மடங்கியது, கோணம் சுமார் 119°. ஏன் இந்த வித்தியாசம் என்பதற்குப் பதில் தெரிந்தால், கேரளப் பக்கமும் தமிழ்நாட்டுப் பக்கமும் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளைத் திணறடிக்கும் ஒரு பாடம் கைக்குள் வந்துவிடும். பாடநூலில் அதன் பெயர் நீளமானது: இணைதிறன் கூட்டு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை. வகுப்பில் சுருக்கமாக 'வெஸ்பர்' என்பார்கள். 1940இல் சிட்ஜ்விக், பவல் இருவரும் இதற்கு அடித்தளம் போட்டார்கள். 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் இன்று நாம் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கொள்கை ஒரே வாக்கியத்தில் அடங்கும். நடு அணுவைச் சுற்றி இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும் எலக்ட்ரான்கள், அதாவது எலக்ட்ரான் இரட்டைகள், ஒன்றையொன்று விலக்கி, முடிந்த அளவு தள்ளித் தள்ளி நிற்கும். இரண்டும் எதிர்மின்சுமை என்பதால் மட்டும் இந்த விலக்கம் வருவதில்லை. ஒரே தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்ற பவுலியின் விலக்கு விதிதான் இதற்கு முக்கியக் காரணம்.

இரட்டைகள் இரண்டு வகை. இரு அணுக்களுக்கு நடுவே பிணைப்பாக நிற்பது பிணைப்பு இரட்டை. எந்த அணுவோடும் சேராமல் நடு அணுவிடமே தங்கியிருப்பது தனித்த இரட்டை, ஆசிரியர்கள் வாயில் 'லோன் பேர்'. இந்தத் தனித்த இரட்டை சூத்திரத்தில் தெரியாது, மூலக்கூறின் படத்திலும் பல நேரம் போட மாட்டார்கள். ஆனால் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். பாடத்தில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை. ஆகவே முதலில் எண்ணக் கற்றுக்கொள்வோம்.

நடு அணு எது என்று பாருங்கள். பெரும்பாலும் எலக்ட்ரான் கவர்திறன் குறைந்த அணுதான் நடுவில் வரும். ஹைட்ரஜன் எப்போதும் ஓரத்தில்தான், அதற்கு ஒரே ஒரு பிணைப்புதான் முடியும். பிறகு நடு அணுவின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களை எழுதுங்கள்: கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் 5, ஆக்சிஜனுக்கும் கந்தகத்துக்கும் 6, குளோரினுக்கு 7, செனானுக்கு 8. அதோடு ஹைட்ரஜன், ஃபுளோரின், குளோரின் போல ஒற்றைப் பிணைப்பில் வரும் ஒவ்வோர் அணுவுக்கும் 1 கூட்டுங்கள். இரட்டைப் பிணைப்பில் ஓரத்தில் நிற்கும் ஆக்சிஜனுக்கு எதுவும் கூட்ட வேண்டாம். அயனியாக இருந்தால் எதிர்மின்சுமைக்குக் கூட்டுங்கள், நேர்மின்சுமைக்குக் கழியுங்கள். வந்த எண்ணை 2 ஆல் வகுத்தால் மொத்த இரட்டைகள். அதிலிருந்து ஓரத்து அணுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் மிச்சம் இருப்பவை தனித்த இரட்டைகள்.

கார்பன் டை ஆக்சைடு: 4ஐ 2 ஆல் வகுத்தால் 2. ஓரத்தில் இரண்டு ஆக்சிஜன். தனித்தது ஒன்றும் இல்லை. சல்ஃபர் டை ஆக்சைடு: 6ஐ 2 ஆல் வகுத்தால் 3. ஓரத்தில் இரண்டு ஆக்சிஜன், மிச்சம் ஒரு தனித்த இரட்டை. கந்தகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றுதான் இரண்டு ஆக்சிஜனையும் கீழே தள்ளி மடக்குகிறது. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

அயனிகளில் பிள்ளைகள் மின்சுமையை மறந்துவிடுவார்கள். அம்மோனியம் அயனிக்கு 5 + 4 = 9 என்று போட்டுவிட்டு, 2 ஆல் வகுத்தால் நாலரை வருகிறதே என்று விழிப்பார்கள். நேர்மின்சுமைக்கு 1 கழித்தால் 8, இரட்டைகள் 4, சரியாக வந்துவிடும். அரை வந்தால் முதலில் மின்சுமையைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தும் அரை வந்தால், மூலக்கூறில் உண்மையிலேயே ஒற்றை எலக்ட்ரான் இருக்கிறது என்று பொருள். அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு பிறகு வருகிறது.

இரட்டைகளின் எண்ணிக்கை தெரிந்தால் அவை நிற்கும் முறை தானே வரும். இரண்டு என்றால் எதிரெதிரே, 180°. மூன்று என்றால் ஒரே தளத்தில் 120° இடைவெளியில். நுங்கை நடுவில் வெட்டினால் மூன்று கண்ணும் எப்படிச் சமமாகப் பிரிந்து நிற்கின்றனவோ, அப்படி. போரான் டிரைஃபுளோரைடு இந்த வகை.

நான்குக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். நோட்டில் மீத்தேனைச் சிலுவை மாதிரி வரைகிறோம்: நடுவில் கார்பன், நான்கு திசையிலும் ஹைட்ரஜன். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கோணம் 90° என்று மனதில் பதிந்துவிடுகிறது. காகிதம் தட்டையானது, மூலக்கூறு தட்டையானது அல்ல. இதை வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கையால் செய்வது சுலபம். தோப்பில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. உதிர்ந்து கிடக்கும் குரும்பையும் (மலையாளத்தில் மச்சிங்ங) ஓலையிலிருந்து சீவிய ஈர்க்குச்சியும் போதும்.

சுமார் 3 செ.மீ. குறுக்களவுள்ள, தொப்பி கழன்ற, பச்சை மாறாத குரும்பையை எடுங்கள். காய்ந்து கறுத்தது வெடிக்கும், துளையும் நெகிழ்ந்துவிடும். ஈர்க்குச்சியின் அடிப்பகுதியில் மட்டும் 10 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டு வெட்டுங்கள். நுனிப்பகுதி வளையும், அளவு தப்பும். காம்பஸ் முனையால் முதலில் துளை போட்டுவிட்டு, ஒவ்வொரு குச்சியையும் 1.5 செ.மீ. உள்ளே செலுத்துங்கள், குச்சியின் நுனி குரும்பையின் மையத்தை எட்டும். அப்படியென்றால் மையத்திலிருந்து வெளி நுனிவரை 10 செ.மீ., வெளியே தெரிவது 8.5 செ.மீ.

ஓர் அட்டையில் 9.4 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். காம்பஸை மாற்றாமல் அதே ஆரத்தால் வட்டத்தின்மேல் ஆறு புள்ளி குறித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று குச்சிகளின் நுனிகளும் அந்த மூன்று புள்ளிகளில் ஊன்றும்படி முக்காலி போல நிறுத்துங்கள். நான்காவது குச்சி செங்குத்தாக மேலே நிற்கட்டும். சரியாகச் செய்திருந்தால் குரும்பையின் மையம் அட்டையிலிருந்து 3.3 செ.மீ. உயரத்தில் இருக்கும். இப்போது எந்த இரண்டு நுனிகளுக்கு இடையே நூல் பிடித்து அளந்தாலும் 16.3 செ.மீ. வர வேண்டும். கால்களுக்கு இடையே அதைவிட அதிகமாகவும், மேல் நுனிக்கும் கால் நுனிக்கும் குறைவாகவும் வந்தால் முக்காலி அகலமாக விரிந்து தாழ்ந்துவிட்டது என்று பொருள். கால்களை உள்ளே இழுங்கள். மேல்குச்சியிலிருந்து ஒரு காலுக்கு மட்டும் குறைவாக இருந்தால் அது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

அடுத்து இன்னொரு குரும்பையில் நான்கு குச்சியையும் சிலுவையாகத் தட்டையாகக் குத்தி, பக்கத்துப் பக்கத்து நுனிகளை அளந்து பாருங்கள். 14.1 செ.மீ.தான் வரும். முக்காலியில் 16.3, சிலுவையில் 14.1. ஒன்றையொன்று விலக்க நினைக்கும் நான்கு இரட்டைகள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது இந்த இரண்டு செ.மீ. வித்தியாசத்திலேயே இருக்கிறது. 16.3க்கு உரிய கோணம் 109.5°. நான்கு முகம் கொண்டதால் இந்த வடிவத்துக்கு நான்முகி என்று பெயர். மீத்தேனும் அம்மோனியம் அயனியும் இப்படித்தான் நிற்கின்றன.

இனி தனித்த இரட்டையைக் கொண்டுவருவோம். பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கரு இருபுறமும் இழுத்துப் பிடித்திருக்கும், அதனால் அது நீண்டு மெலிந்திருக்கும். தனித்த இரட்டையைப் பிடித்திருப்பது ஒரே அணுக்கரு. அது நடு அணுவுக்கு நெருக்கமாக, பருத்து, அகலமாக உட்காரும், பக்கத்தில் உள்ளதை அதிகமாகத் தள்ளும். கல்பாத்தித் தேர்க்கடையில் வாங்கிய நான்கு பலூன்களை ஒரே அளவில் ஊதி முடிச்சில் சேர்த்துக் கட்டிப் பாருங்கள், அவை தாமாகவே நான்முகியாக நிற்கும். ஒன்றை மட்டும் பெரிதாக ஊதிக் கட்டினால் மற்ற மூன்றும் நெருங்கி ஒடுங்கும். அந்தப் பெரிய பலூன்தான் தனித்த இரட்டை.

விலக்கத்தின் வரிசையை நினைவில் வையுங்கள்: தனித்ததும் தனித்ததும் விலக்குவது மிக அதிகம், தனித்ததும் பிணைப்பும் அதற்கு அடுத்து, பிணைப்பும் பிணைப்பும் கடைசி. அம்மோனியாவில் இரட்டைகள் நான்கு, அவற்றில் ஒன்று தனித்தது. கோணம் 109.5இலிருந்து ஏறக்குறைய 107°க்கு இறங்குகிறது. தண்ணீரில் இரண்டு தனித்தவை, கோணம் 104.5°. குரும்பைக் கணக்கில் சொன்னால் நுனிகளின் இடைவெளி மீத்தேனுக்கு 16.3, அம்மோனியாவுக்கு 16.1, தண்ணீருக்கு 15.8 செ.மீ. கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும், அளந்தால்தான் தெரியும்.

இங்கே பெயரில் ஒரு குழப்பம் வரும், தேர்வில் மதிப்பெண் போவதும் இங்கேதான். இரட்டைகள் நிற்கும் அமைப்பு வேறு, மூலக்கூறின் வடிவம் வேறு. வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்கள் இருக்கும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். அம்மோனியாவின் இரட்டைகள் நான்முகி அமைப்பில் இருக்கின்றன, ஆனால் மூலக்கூறின் வடிவம் முக்கோணப் பிரமிடு. தண்ணீரும் நான்முகி அமைப்புதான், வடிவமோ வளைந்தது. 'தண்ணீரின் வடிவம் நான்முகி' என்று எழுதினால் தவறு.

ஹைட்ரஜன் சல்ஃபைடையும் தண்ணீரைப் போலவே எண்ணலாம்: 6 + 2 = 8, நான்கு இரட்டைகள், இரண்டு தனித்தவை. ஆகவே வளைந்தது. அதுவரை சரி. ஆனால் கோணம் 104 அல்ல, 92°தான். குச்சிக் கணக்கில் 14.4 செ.மீ. கந்தகம் ஆக்சிஜனைவிடப் பெரிய அணு, ஹைட்ரஜனோடு பகிரும் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதும் குறைவு. பிணைப்பு இரட்டைகள் கந்தகத்திலிருந்து தள்ளியே நிற்பதால் ஒன்றையொன்று அவ்வளவாக நெருக்குவதில்லை, தனித்த இரட்டைகள் அவற்றை மேலும் ஒடுக்கிவிடுகின்றன. பாஸ்பரஸோடு மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த பாஸ்பீனிலும் இதேதான், 93.5°. நைட்ரஜன் டிரைஃபுளோரைடு அம்மோனியாவைவிட ஒடுங்கி 102° அளவில் நிற்பதற்கும் காரணம் இதே வழிதான்: ஃபுளோரின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே இந்தக் கொள்கையிடம் 'குறையுமா, கூடுமா' என்று கேளுங்கள், துல்லியமான டிகிரியைக் கேட்காதீர்கள்.

இரட்டைப் பிணைப்பில் இருப்பது நான்கு எலக்ட்ரான் என்றாலும் அவை ஒரே திசையில் நிற்பதால் ஒரே இடமாகத்தான் எண்ண வேண்டும். ஆனால் ஒற்றைப் பிணைப்பைவிடப் பருமன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். ஃபார்மலின் தயாரிக்கக் கரைக்கும் ஃபார்மால்டிஹைடு வாயுவில் இதைக் காணலாம். மூன்று இடம், 120° இருக்க வேண்டும். ஆனால் ஆக்சிஜன் பக்கத்து இரட்டைப் பிணைப்பு தள்ளுவதால் இரண்டு ஹைட்ரஜன்களுக்கு இடையே சுமார் 116.5°தான். சல்ஃபர் டை ஆக்சைடில் தனித்த இரட்டை இருந்தும் கோணம் 120ஐ விட்டு அதிகம் இறங்காததற்கும் இதுதான் காரணம்: அங்கே இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் பதிலுக்குத் தள்ளுகின்றன.

முன்பு சொன்ன ஒற்றை எலக்ட்ரான் கதை இது. நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் மூன்று விதமாகச் சேரும். நேர்மின்சுமை ஏற்ற நைட்ரோனியம் அயனியில் தனித்த எலக்ட்ரானே இல்லை: 180°. நடுநிலையான நைட்ரஜன் டை ஆக்சைடில் 5ஐ 2 ஆல் வகுத்தால் இரண்டரை. ஒரே ஓர் எலக்ட்ரான் தனியாக நிற்கிறது, அது இரட்டையைவிடக் குறைவாகத் தள்ளும்: 134°. எதிர்மின்சுமை கொண்ட நைட்ரைட்டில் முழுத் தனித்த இரட்டை: சுமார் 115°. அதே மூன்று அணுக்கள், ஒவ்வோர் எலக்ட்ரானாகச் சேர்க்கச் சேர்க்க மூலக்கூறு மடங்கிக்கொண்டே போகிறது. இந்தக் கொள்கை எவ்வளவு நம்பகமானது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறு இல்லை.

ஐந்து இரட்டைகள் என்றால் முக்கோண இருபிரமிடு. நடுத்தளத்தில் 120° இடைவெளியில் மூன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. மற்ற அமைப்புகளில் எல்லா இடமும் சமம், இதில் சமமில்லை. மேலே இருப்பதற்கு 90°யில் மூன்று பக்கத்து வீட்டுக்காரர்கள், நடுத்தளத்தில் இருப்பதற்கு இரண்டு பேர்தான். நெருக்கடி அதிகம் என்பதால் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் மேல், கீழ் பிணைப்புகள் 214 பிக்கோமீட்டர் நீளம், நடுத்தளத்தில் இருப்பவை 202தான். தனித்த இரட்டைக்கு இடம் அதிகம் வேண்டும், ஆகவே அது எப்போதும் நடுத்தளத்தையே பிடிக்கும். இதை மாற்றி மேலே வைத்து வரைவதுதான் இந்தப் பகுதியின் வழக்கமான பிழை. சல்ஃபர் டெட்ராஃபுளோரைடில் ஒரு தனித்த இரட்டைக்கு நடுத்தளத்தில் ஓர் இடம் போனால் மிஞ்சுவது பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கும் சீசாவின் வடிவம். குளோரின் டிரைஃபுளோரைடில் இரண்டு போனால் ஆங்கில 'டி' எழுத்து, கோணம் 90க்குச் சற்றுக் குறைந்து 87.5°. செனான் டைஃபுளோரைடில் மூன்றும் போனால் நேர்கோடு.

ஆறு என்றால் எண்முகி, பக்கத்துப் பக்கத்துக் கோணம் எல்லாம் 90°. துணைமின்நிலையங்களின் உயர்அழுத்தச் சுவிட்சுகளில் மின்காப்புக்கு அடைக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு இப்படித்தான். செனான் டெட்ராஃபுளோரைடிலும் ஆறு இரட்டைதான், ஆனால் இரண்டு தனித்தவை. அவை எதிரெதிர்த் துருவத்தில் ஒதுங்கிக்கொள்ள, நான்கு ஃபுளோரினும் தட்டையான சதுரமாக நிற்கும்.

வடிவம் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் தண்ணீரைக் காட்டலாம். ஆக்சிஜன் பக்கம் எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் நேர்மின்சுமை. மூலக்கூறு வளைந்திருப்பதால் அவை ஒன்றையொன்று ஈடுகட்டாமல் 1.85 டிபை அளவுக்கு இருமுனைத் திருப்புத்திறன் (மின்சுமை இரு முனையாகப் பிரிந்திருப்பதன் அளவு) மிஞ்சுகிறது. உப்பும் வெல்லமும் தண்ணீரில் கரைவது இதனால்தான். கார்பன் டை ஆக்சைடில் பிணைப்புகளுக்குத் தனித்தனியே முனைவுத்தன்மை உண்டு, நேர்கோடாக இருப்பதால் இரண்டும் எதிரெதிரே இழுத்து மொத்தம் சுழியமாகிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. நிக்கல், பிளாட்டினம் போன்ற இடைநிலை உலோகங்களின் அணைவுகளிடம் இதைக் கொண்டுபோகக் கூடாது. ஒரே நிக்கல் அயனி நான்கு சயனைடோடு சேர்ந்தால் தட்டையான சதுரம், நான்கு குளோரைடோடு சேர்ந்தால் நான்முகி. இரட்டை எண்ணுவதால் அந்த வித்தியாசம் வராது, அதற்குப் படிகப்புலக் கொள்கை வேண்டும். முக்கியத் தொகுதித் தனிமங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை பழக ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். மரவள்ளிக்கிழங்கை நறுக்கி அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். அந்தக் கரைசலில் இருப்பது எதிர்மின்சுமை ஏற்ற மூவயோடைடு: நடுவில் ஓர் அயோடின், இருபுறமும் ஓர் அயோடின். நடு அணுவுக்கு 7, ஓரத்து இரண்டுக்கும் 2, மின்சுமைக்கு 1, மொத்தம் 10. இரட்டைகள் ஐந்து, ஓரத்தில் இரண்டு அணு, மிச்சம் மூன்று தனித்தவை. மூன்றும் நடுத்தளத்தைப் பிடித்துக்கொள்கின்றன, இரண்டு அயோடினும் மேலும் கீழுமாக நிற்கின்றன. ஆகவே ஈர்க்குச்சி போல நேர்கோடு. கிழங்கின் மாவில் உள்ள அமைலோஸ் சுருள் சுருளாகக் குழாய் போல இருக்கும். அந்தக் குழாய்க்குள் இப்படிப்பட்ட நேரான அயோடின் சங்கிலிகள் நுழைந்து வரிசையாக நிற்கும்போதுதான் அந்தக் கருநீலம் வருகிறது.